பேட்டரிய மணிக்கணக்குல சொல்லாதீங்க, வாட் ஹவர் கணக்குல சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சின்னப் பாய்மரப் படகுக்கு எலெக்ட்ரிக் மோட்டார் மாட்டுறதப் பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, ரொம்ப சந்தோஷமா படிச்சேன், ஏன்னா இந்த விஷயத்த தமிழ்ல எழுதுறவங்களே கம்மி. ஆனா படிச்சு முடிச்சதும் கூடவே ஒரு பயமும் வந்துச்சு. "1 கிலோவாட் மோட்டார் 3 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சினுக்கு சமம், லேசான லித்தியம் பேட்டரி ஒண்ணு வெச்சா 4 மணி நேரம் ஓடும்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அந்த வரிய மட்டும் நம்பி தண்ணியில இறங்கினா எங்க போய் மாட்டுவோம்னு எனக்குத் தெரியும், நான் மாட்டியிருக்கேன். அதுக்காகத்தான் இந்த லெட்டர், நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

என் படகு 18 அடி, தண்ணியில படுற நீளம் 16 அடி. முன்னாடி பின்பக்கத்துல 4 குதிரைசக்தி பெட்ரோல் எஞ்சின் ஒண்ணு தொங்கும், 25 கிலோவுக்கு மேல. பாய்மரப் படகுல எஞ்சினோட வேலை என்னங்க, துறையிலேருந்து வெளிய வர 10 நிமிஷம், திரும்பி உள்ள போக 10 நிமிஷம், காத்து செத்துப் போச்சுன்னா வீடு வந்து சேர கொஞ்ச நேரம். மத்த நேரமெல்லாம் சும்மாதான் தொங்கும். சும்மா தொங்குற பெட்ரோல் எஞ்சின்தான் கெட்டுப் போகும், பெட்ரோல் கார்புரேட்டர்லயே நின்னு பிசினாகி அந்தச் சின்ன ஓட்டைய அடைச்சிடும், அப்புறம் அவசரத்துக்கு கயித்த இழுத்தா இழுத்துக்கிட்டே இருக்கணும். கூட்டமான துறையில பாய இறக்கிட்டு, படகு மெதுவா அடுத்த படகு மேல நகர்ந்துக்கிட்டிருக்கும்போது கயிறு இழுத்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகாத அந்த நிமிஷம் எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். எலெக்ட்ரிக்ல அது கிடையாது. கைப்பிடியத் திருகினா சுத்தும், எதிர்ப்பக்கம் திருகினா உடனே ரிவர்ஸ், ரொம்ப மெதுவாவும் சுத்த வைக்கலாம். துறைக்குள்ள ஓட்டுறதுக்கு இதைவிட நல்லது எதுவும் நான் பாக்கல. அதனால நான் எலெக்ட்ரிக்குக்கு எதிரா எழுதுறேன்னு நினைச்சுடாதீங்க, 3 வருஷமா அதுலதான் ஓட்டிக்கிட்டிருக்கேன், திரும்ப பெட்ரோலுக்குப் போற எண்ணமே இல்ல.

சரி, அந்த குதிரைசக்தி விஷயத்துக்கு வரேன். 1 குதிரைசக்தின்னா 746 வாட். அப்ப 1 கிலோவாட்ங்கிறது 1.34 குதிரைசக்திதான். அப்புறம் எப்படி 3க்கு சமம்னு சொல்றாங்க? அதுல முழுப் பொய்யும் இல்ல. சின்ன பெட்ரோல் எஞ்சின்ல ப்ரொபெல்லர் சின்னதா இருக்கும், வேகமா சுத்தும், கனமான படக மெதுவா தள்ளுற வேலைக்கு அது ஒத்து வராது, தண்ணிய கலக்கிவிட்டே பாதி சக்தி போயிடும். நல்ல எலெக்ட்ரிக் மோட்டார்ல பெரிய ப்ரொபெல்லர் மெதுவா சுத்தும், அதே சக்திக்கு நிறைய தள்ளும். அதனால அமைதியான தண்ணியில ரெண்டு படகும் பக்கத்துல பக்கத்துல போனா 1 கிலோவாட்டும் சின்ன பெட்ரோல் எஞ்சினும் ஏறக்குறைய ஒண்ணு மாதிரிதான் தெரியும். ஆனா எதிர்காத்து வந்து அலையும் ஏறினா பெட்ரோல்காரர் இன்னும் கொஞ்சம் திருகுவார், அவர்கிட்ட மிச்சம் இருக்கு. நம்மகிட்ட இருக்கிறதே அந்த 1 கிலோவாட்தான். 20 நாட் (1 நாட்னா மணிக்கு 1 கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) எதிர்காத்துல முழுசா திருகியும் என் படகு 2 நாட்தான் போச்சு, பாய் இறக்கியிருந்தாலும் பாய்மரமும் கயிறும் அவ்வளவு காத்த வாங்குது.

இதவிட முக்கியமான கணக்கு ஒண்ணு இருக்கு, அதத்தான் உங்க கட்டுரையில தேடினேன், காணல. ஒரு லிட்டர் பெட்ரோல்ல கிட்டத்தட்ட 9 கிலோவாட் ஹவர் சக்தி இருக்கு (1 கிலோவாட், அதாவது 1000 வாட், 1 மணி நேரம் ஓடினா 1 கிலோவாட் ஹவர்). சின்ன எஞ்சின் அதுல முக்கால்வாசிக்கு மேல சூடாவும் புகையாவும் வெளிய விட்டுடும், ப்ரொபெல்லர் இன்னும் கொஞ்சம் தின்னுடும். பத்துல ஒரு பங்குதான் படக தள்ளுதுன்னு வெச்சுக்கிட்டா கூட ஒரு லிட்டர்ல 900 வாட் ஹவர் தள்ளு கிடைக்குது. என்கிட்ட இருக்கிறது 25.6 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி, பெருக்கிப் பாத்தா 2560 வாட் ஹவர். அடியில 20 சதவீதம் தொடாம வெச்சா கையில சுமார் 2000. மோட்டார், ப்ரொபெல்லர் எல்லாம் சேத்து பாதி தள்ளுக்குப் போகுதுன்னா 1000 வாட் ஹவர். அதாவது நான் தூக்கிட்டுப் போற 23 கிலோ பேட்டரி ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு கிட்டத்தட்ட சமம். இத முதல் தடவ பேப்பர்ல போட்டுப் பாத்தப்ப நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். லேசான பேட்டரி லேசான பேட்டரின்னு சொல்றோமே, அது பழைய பேட்டரிய விட லேசு, அவ்வளவுதான், பெட்ரோல் முன்னாடி அது கனம்தான்.

அப்ப எப்படி இது வேலை செய்யுது? மெதுவா போறதாலதான். இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும். தண்ணிய கிழிச்சுட்டுப் போற படகுக்கு வேகம் கூடக் கூட தேவைப்படுற சக்தி வேகத்தோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும், தோராயமா சொன்னா வேகத்த ரெட்டிப்பாக்க எட்டு மடங்கு சக்தி வேணும். அதுக்கு மேல ஒரு சுவரும் இருக்கு, தண்ணியில படுற நீளத்த அடியில எடுத்து அதோட வர்க்கமூலத்த 1.34ஆல பெருக்கினா வர்ற நாட், அதுதான் அந்த மாதிரி படகோட எல்லை. என் 16 அடிக்கு 5.4 நாட். அத நெருங்க நெருங்க படகு தானே எழுப்புற அலையில ஏற முடியாம திணறும், சக்தி எவ்வளவு கொட்டினாலும் கரைஞ்சு போகும்.

என் படகுல காத்தில்லாத நாள்ல ஜிபிஎஸ்ஸயும் மீட்டரையும் பக்கத்துல வெச்சு பாத்தேன். 4 நாட் போக 950 வாட் இழுக்குது. 3 நாட் போக 380. 2.5 நாட் போக 220 வாட் போதும். இப்ப அந்த 2000 வாட் ஹவர வகுத்துப் பாருங்க. 4 நாட்ல போனா 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, தூரம் 8 கடல் மைல் சொச்சம். 3 நாட்ல போனா 5 மணி நேரம் தாண்டும், தூரம் 15 கடல் மைலுக்கு மேல. 2.5 நாட்ல 9 மணி நேரம், 22 கடல் மைல். ஒரே பேட்டரி, ஒரே மோட்டார், ஒரே படகு. இதுல எத "4 மணி நேரம் ஓடும்"னு எழுதுவீங்க? அந்த 4 மணி நேரம்ங்கிறது எந்த வேகத்துல, எந்தப் படகுல, எதிர்காத்து இருந்துச்சா இல்லையா, இது எதுவுமே இல்லாம அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாதுங்க. எனக்கு வித்தவரும் இதே 4 மணி நேரம்தான் சொன்னார், பாதி திருகுல ஓட்டினா 4 மணி நேரம்ங்கிறத பின்னாடிதான் கண்டுபிடிச்சேன்.

அத எப்படி கண்டுபிடிச்சேன்னு சொல்றேன். முதல் வருஷம், காலையில நல்ல காத்துல வெளிய போனோம், மதியம் காத்து சுத்தமா விழுந்துருச்சு. மோட்டார இறக்கி முழுசா திருகி 4 நாட்ல வந்துக்கிட்டிருந்தேன், கையில இருந்தது வெறும் வோல்ட் மீட்டர். பழைய லெட் ஆசிட் பேட்டரியில வோல்ட் மெல்ல மெல்ல இறங்கும், மோட்டார் சோர்ந்து போறது காதுலயே கேக்கும், அது ஒரு எச்சரிக்கை. என்கிட்ட இருக்கிற லித்தியம் வகையான அயர்ன் பாஸ்பேட் அப்படி இல்ல. பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அரை வோல்ட் வித்தியாசம் கூட தெரியாது, கடைசி வரைக்கும் தெம்பா சுத்தும், அப்புறம் ஒரே நொடியில உள்ள இருக்கிற பிஎம்எஸ்ங்கிற காவல் சர்க்யூட் செல்களக் காப்பாத்த கரண்ட்ட வெட்டிடும். எனக்கு வெட்டினது துறை வாசல்ல, சரியா எதிர்காத்து கிளம்பின நேரம், ரெண்டு பக்கமும் கல் அடுக்கின தடுப்பு. முழு திருகுல இருந்த மோட்டார் சத்தமே இல்லாம நின்னுடுச்சு, படகு பின்னாடி நகர ஆரம்பிச்சுது. நல்ல வேளையா நங்கூரம் முன்னாடியே கயிறு கட்டி தயாரா இருந்துச்சு, போட்டதும் பிடிச்சுக்கிட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு பேட்டரி தானா திரும்ப உயிர் வந்து 2 நிமிஷம் சுத்தி மறுபடி நின்னுச்சு, அந்த 2 நிமிஷத்த நம்பி நங்கூரத்த எடுத்திருந்தா கல்லு மேலதான் போயிருப்பேன். கடைசியில பெரிய பாயச் சுருக்கி ஏத்திதான் வெளிய தப்பிச்சு வந்தோம், காத்து தணிஞ்சப்புறம் துடுப்பு போட்டு உள்ள வந்தோம். கூட என் பொண்ணு இருந்தா. அவ முகத்த இன்னும் மறக்கல.

அன்னைக்கு நான் கத்துக்கிட்டது, இந்த பேட்டரிக்கு வோல்ட் மீட்டர் எதுவுமே சொல்லாது, உள்ள போன ஆம்பியரையும் வெளிய வந்த ஆம்பியரையும் எண்ணிக்கிட்டே இருக்கிற ஷன்ட் மீட்டர் கட்டாயம் வேணும். கார்ல பெட்ரோல் முள் மாதிரி அது. அது இல்லாம லித்தியம் பேட்டரிய விக்கவே கூடாதுன்னு நினைக்கிறேன். உங்க கட்டுரையில அதப் பத்தி ஒரு வார்த்த கூட இல்லைங்கிறதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

லித்தியம்னா ஒரே சாமான் இல்லைங்கிறதையும் எழுதணும். போன்லயும் சைக்கிள்லயும் வர்றது பெரும்பாலும் நிக்கல், கோபால்ட் கலந்த வகை, கிலோவுக்கு சக்தி அதிகம், ஆனா உள்ள சூடேறி கட்டுப்பாடு தப்பினா அது வெளியேத்துற ஆக்சிஜனே தீக்கு துணையா நிக்கும். அயர்ன் பாஸ்பேட்ல ஆக்சிஜன் பாஸ்பரஸோட கெட்டியா பிணைஞ்சு கிடக்கு, அவ்வளவு சுலபமா கழண்டு வராது, அதனால படகுக்குள்ள ஆள் உக்காருற இடத்துக்கு அடியில வைக்க இதுதான் மனசுக்கு நிம்மதி. 1990கள்ல அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜான் குட்இனஃப் குழு கண்டுபிடிச்ச சேர்மானம் இது, அவருக்கு 2019ல லித்தியம் பேட்டரி வேலைக்காக நோபல் பரிசும் வந்துச்சு. 12 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் 28, 30 கிலோ இருக்கும், அதுலயும் பாதிக்கு மேல இறக்கினா சீக்கிரம் செத்துடும். வேகமா இழுத்தா அந்தப் பாதியும் முழுசா கிடைக்காது. அதே அளவு அயர்ன் பாஸ்பேட் 11லேருந்து 13 கிலோ, 80 சதவீதம் தாராளமா எடுக்கலாம். எடை பாதிக்கும் கம்மி, கிடைக்கிறது ஒன்றரை மடங்குக்கு மேல, இங்கதான் உண்மையான லாபம். ஒரே ஒரு எச்சரிக்கை, 0 டிகிரிக்குக் கீழ குளிர்ல சார்ஜ் ஏத்தக்கூடாது, செல் உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு கெட்டுடும்.

எடை எங்க உக்காருதுங்கிறதும் எடை அளவுக்கே முக்கியம். நான் முதல்ல சுலபமா இருக்கேன்னு பேட்டரிய பின்பக்க பெட்டியில மோட்டார் பக்கத்துலயே வெச்சேன். படகு பின்னாடி குந்திக்கிட்டு தண்ணிய இழுத்துட்டே வந்துச்சு, சின்னக் காத்துல பாய்ல போற வேகமே குறைஞ்சுது. அப்புறம் நடுவுல, பாய்மரத்துக்குப் பக்கத்துல அடியில இறக்கி நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டினேன், படகு சாயும்போது நகரவே கூடாது. அன்னைக்கே படகு வேற படகு மாதிரி ஆயிடுச்சு. மோட்டாரோட ஒட்டியே பேட்டரி வர்ற மாடல் வாங்குறவங்களுக்கு இந்த வசதி இல்ல, ஆனா கழட்டி கையில எடுத்துட்டுப் போய் வீட்ல சார்ஜ் போடலாம், சின்ன படகுக்கு அதுவும் நல்ல வழிதான்.

பேட்டரி நடுவுக்குப் போனா ஒயர் நீளும், அங்க கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. எனக்குப் பழைய 12 வோல்ட் மோட்டார் இருந்தப்ப 50 ஆம்பியர் ஓடும், 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தேன், போக வர 6 மீட்டர். ஒயர்லயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் போயிடும், 40 வாட்டுக்கு மேல சும்மா சூடா போகுது, தொட்டா தெரியும். 24 வோல்ட்டுக்கு மாறினா அதே சக்திக்கு ஆம்பியர் பாதி, ஒயர்ல போற நஷ்டம் கால்வாசி. இப்ப 16 சதுர மில்லிமீட்டர் போட்டிருக்கேன், சூடே இல்ல. ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்துலயே இருக்கணும், மோட்டார் பக்கத்துல வெச்சா நடுவுல ஒயர் உரசி ஒட்டினா காப்பாத்த ஆள் இல்ல. லித்தியம் ஷார்ட் ஆச்சுன்னா ஆயிரக்கணக்குல ஆம்பியர் கொட்டும், சாதாரண ஃபியூஸ் உருகினப்புறமும் உள்ள தீப்பொறி ஓடிக்கிட்டே இருக்கலாம், அதுக்குன்னே இருக்கிற கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடணும். உப்புத்தண்ணி விஷயத்துலயும் அசட்டையா இருக்கக்கூடாது, ஐபி 67ன்னு எழுதியிருந்தா 1 மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், வருஷக்கணக்கா உப்புல இருக்கும்னு இல்ல. கனெக்டர்ல பச்சை பூத்தா உடனே கவனிங்க.

பாயும் மோட்டாரும் சேந்து வேலை செய்யுறதப் பத்தி யாருமே எழுதுறதில்ல, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். காத்து லேசா பக்கவாட்டுல இருக்கு, பாய் துவண்டு கிடக்கு, படகு நகர மாட்டேங்குது. அப்ப மோட்டாருக்கு 150 வாட் மட்டும் கொடுங்க. படகு முன்னாடி நகர நகர நாம உண்டாக்குற காத்தும் சேந்து பாய்க்கு வர்ற காத்து கூடும், துவண்ட பாய் நிமிரும், பாயும் இழுக்க ஆரம்பிச்சிடும். ரெண்டும் தனித்தனியா கொடுக்கிறதவிட சேந்து அதிகம் கொடுக்கும். பின்காத்துல மட்டும் இது பலிக்காது, அங்க நாம நகர்ந்தா வர்ற காத்து குறையத்தான் செய்யும். பெட்ரோல் எஞ்சின இவ்வளவு மெதுவா ஓட்டவே முடியாது, இருமிக்கிட்டே நிக்கும். அந்த நேரத்துல தண்ணி படகு ஓரம் உரசுற சத்தம் மட்டும்தான் கேக்கும். காத்து நல்லா பிடிச்சதும் மோட்டார தண்ணியிலேருந்து தூக்கிடணும், நிக்கிற ப்ரொபெல்லர் பாய் கொடுக்கிற வேகத்தத் தின்னும்.

பாய்ல போகும்போது ப்ரொபெல்லர் சுத்தி பேட்டரி தானா நிறையும்னு எழுதியிருந்தீங்க. பெரிய படகு 7, 8 நாட்ல போனா அது நல்லா வேலை செய்யும். சின்ன படகு 4 நாட்ல போறப்ப கிடைக்கிறது ரொம்பக் கொஞ்சம், அதுக்கு வேகத்த வேற விட்டுக் கொடுக்கணும், அத நம்பி பேட்டரி அளவக் குறைக்காதீங்க. அதவிட 100 வாட் சோலார் பலகை நல்லது, நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 300, 400 வாட் ஹவர் தரும், என் படகுக்கு அது 2.5 நாட்ல ஒன்றரை மணி நேர ஓட்டம். பாயோட நிழல் ஒரு மூலையில விழுந்தாலும் பலகையோட மின்சாரம் மொத்தமா சரிஞ்சிடும், அதனால இடம் பாத்து மாட்டணும்.

கட்டுரையில எலெக்ட்ரிக் படகு புது யுகம்னு ஒரு தலைப்பு. ரஷ்யாவுல நேவா நதியில யாகோபிங்கிற விஞ்ஞானி 1838-39லயே பேட்டரியில படகு ஓட்டிட்டாரு. 1881ல பாரிஸ்ல சேன் நதியில குஸ்தாவ் த்ரூவே மோட்டார், ப்ரொபெல்லர், சுக்கான் மூணையும் ஒண்ணா சேத்து படகு பின்னாடி மாட்டிக் கழட்டுற மாதிரி பண்ணினாரு, அப்படி மாட்டுற பெட்ரோல் எஞ்சின் (அவுட்போர்டு) எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான். அவங்களுக்கு மோட்டார் கிடைச்சுது, நல்ல பேட்டரிதான் கிடைக்கல, நமக்கு இப்பதான் கிடைச்சிருக்கு.

அதனால ஆசிரியர் கிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ யாரோட படகப் பத்தி எழுதினாலும் அவங்ககிட்ட காத்தில்லாத நாள்ல 2, 3, 4 நாட்ல எத்தன வாட் இழுக்குதுன்னு கேட்டு அந்த எண்ணப் போடுங்க. பேட்டரிய மணி நேரத்துல சொல்லாம வாட் ஹவர்ல போடுங்க. பேட்டரி படகுல எங்க உக்காந்திருக்குன்னு ஒரு போட்டோ போட்டா இன்னும் நல்லது. துறை வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி மீட்டர்ல 30 சதவீதத்துக்குக் கீழ போகாம வெச்சுக்கோங்க, நங்கூரம் கையெட்டுற இடத்துல இருக்கட்டும், துறைக்குள்ள நுழைஞ்சு படக கட்டி முடிக்கிற வரைக்கும் பாய உறை போட்டு மூடாதீங்கன்னு ஒரு பெட்டிச்செய்தியா சேத்துடுங்க. என் படகோட எண்கள மேல எழுதியிருக்கேன், உங்களுக்கு உபயோகம்னா அப்படியே எடுத்துப் போட்டுக்கலாம்.

இப்படிக்கு,
18 அடி பாய்மரப் படகு ஓட்டுற ஒரு வாசகர்